துண்டு இருக்கு, நகை எங்கே? வன்னியில் இருந்து கிரிப்டோ நிதியங்களைப் பார்த்தல்

2025 மே மாதத் தொடக்கத்தில் இலங்கை இராணுவம் ஒரு தொகைத் தங்க, வெள்ளிப் பொருட்களைப் பொலிசாரிடம் கையளித்தது. யுத்தம் முடிந்து ஏறக்குறைய 16 வருடங்கள் ஆகியிருந்தன. புலிகளிடமிருந்து மீட்கப்பட்ட பொருட்கள் என்றும், சட்டப்படி உரிமையாளர்களைக் கண்டறிந்து திருப்பிக் கொடுக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. வன்னியில் நிறையப் பேருக்கு அது வெறும் செய்தி இல்லை. தமிழீழ வைப்பகத்தில் தாலிக்கொடியையும் காப்பையும் அடைவு வைத்த சனம் இன்னும் உயிரோடுதான் இருக்கு.

இதுக்கும் கிரிப்டோவுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்கலாம். உலகம் முழுக்க நிதி ஒழுங்குபடுத்துநர்கள் கிரிப்டோ வைத்திருக்கும் முதலீட்டு நிதியங்களிடம் இப்போது கேட்கிற கேள்விகளில் முக்கியமானவை, எங்கட ஊரில் ஒருமுறை நடந்து முடிந்தவை. அந்தப் பக்கத்தால் இந்த விசயத்துக்குள்ள போனால் லேசாக விளங்கும் என்று நினைக்கிறோம்.

தமிழீழ வைப்பகம் 1994 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. 1995 இன் பெரிய இடப்பெயர்வோடு வன்னிக்கு வந்து, கிளிநொச்சியை மையமாக வைத்து இயங்கியது. சேமிப்பு எடுத்தது, வட்டி கொடுத்தது, விவசாயத்துக்குக் கடன் கொடுத்தது, நகை அடைவு பிடித்தது. புழங்கியது இலங்கை ரூபாய்தான். ஆனால் 1988 இன் வங்கிச் சட்டத்தின் கீழ் அதுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. மத்திய வங்கியின் கணக்காய்வும் இல்லை. ஒரு நடைமுறை அரசு தன் பிரதேசத்துக்குள் நடத்திய வங்கி அது. அந்த நிர்வாகம் இருந்தவரை சனம் நம்பியது, அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலோடு எல்லாம் முடிந்தது. அடைவுத் துண்டை ஒவ்வொரு இடப்பெயர்விலும் மடியில் கட்டிக்கொண்டு போய், மெனிக் பாம் முகாம் வரை கொண்டு சேர்த்தவர்களும் இருப்பார்கள், பங்கருக்குள்ளே விட்டுவிட்டு ஓடியவர்களும் இருப்பார்கள். 2014 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ கிளிநொச்சிக்கு வந்து சிலருக்கு நகைகளைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சம் காத்திருந்தது.

இப்ப கிரிப்டோ நிதியத்துக்கு வருவோம். பலரிடம் காசு சேர்த்து, ஒரு முகாமையாளர் பிட்கொயின் போன்றவற்றை வாங்கி வைத்திருப்பார். காசு போட்டவருக்கு அலகுகள் கிடைக்கும். பிட்கொயினுக்கு உடம்பு இல்லை. அது ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கும் பதிவு. இரகசியத் திறவுகோல் யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் அதை அசைக்க முடியும். பேரேட்டை யாரும் பார்க்கலாம், இந்த முகவரியில் இவ்வளவு நாணயம் இருக்கு என்று தெரியும். அது யாருக்காக வைத்திருக்கப்படுகிறது என்பது அதில் எழுதியிருக்காது. அதனால் ஒரு கிரிப்டோ நிதியத்தைக் கணக்காய்வு செய்பவர் சிக்குப்படுகிற இடம் இதுதான். பொருள் இருப்பதைக் காட்டலாம். உரிமையைக் காட்ட வேறு பேரேடு வேணும். இராணுவ முகாமின் பெட்டியில் இருந்த நகைக்கும் இதே நிலைமைதான். தங்கம் இருந்தது, எந்தக் காப்பு எந்த வீட்டுக்குரியது என்று தங்கம் சொல்லாது.

சாதாரண நிதியங்களில் இதுக்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. இலங்கையில் அலகு நம்பிக்கை நிதியங்களை நடத்தும் நிறுவனம் ஒன்று, சொத்தை வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் இன்னொன்று. முகாமை நிறுவனம் முறிந்தாலும் சொத்து அதன் கடன்காரரிடம் போகாது. 2021 இன் 19 ஆம் இலக்கப் பிணையங்கள், பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் இது இயங்குகிறது. கிரிப்டோவில் அந்தப் பொறுப்பாளரைத் தேடுவதுதான் கஷ்டம். அமெரிக்கா 2024 ஜனவரி 10 இல் 11 பிட்கொயின் நிதியங்களுக்கு அனுமதி கொடுத்தபோது, அதில் 8 நிதியங்கள் கொயின்பேஸ் என்ற ஒரே நிறுவனத்தையே காப்பாளராக வைத்திருந்தன. ஒரு ஊரின் நகை முழுக்க ஒரே பெட்டகத்தில் இருக்கிற மாதிரி.

சென்னையில் இருந்து ஒரு வழக்கு. வசீர்எக்ஸ் என்ற இந்தியப் பரிவர்த்தனைத் தளத்தில் 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டொலர் பெறுமதியான நாணயங்கள் திருடுபோயின. இழப்பை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பகிர்ந்து போடுவதுதான் அவர்களின் திட்டம். திருடுபோன வகை நாணயத்தை வைத்திருக்காத ஒரு முதலீட்டாளர், 'என்னுடையதை ஏன் தொடுகிறீர்கள்' என்று நீதிமன்றம் போனார். 2025 ஒக்டோபரில் மெட்ராஸ் உயர் நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று தீர்ப்பளித்தார். கேட்க மிகச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் 'சொத்து' என்ற சொல் கிடைத்தால்தான் 'என்னுடையது' என்று வழக்கே போடலாம்.

பெறுமதி இன்னொரு சிக்கல். ஜப்பானின் மவுண்ட் கொக்ஸ் 2014 பெப்ரவரியில் முறிந்தது. வங்குரோத்து முறைப்படி, வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியது 2014 விலையில் கணக்கிடப்பட்டது. இடையில் பிட்கொயின் எங்கேயோ போய்விட்டது. 2018 இல் டோக்கியோ நீதிமன்றம் வேறு நடைமுறைக்கு மாற்றிய பிறகுதான் நாணயமாகவே திருப்பிக் கொடுக்க வழி பிறந்தது, கொடுப்பனவு தொடங்கியது 2024 ஜூலையில். எஃப்டிஎக்ஸ் வழக்கில் மறுபக்கம். முறிந்த நாளான 2022 நவம்பர் விலைதான் கணக்கு என்று அமெரிக்க நீதிமன்றம் முடிவெடுத்தது, அப்போது பிட்கொயின் அடிமட்டத்தில் கிடந்தது. எங்கட நகைக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கோ. 2005 இல் ஒரு சங்கிலியை அடைவு வைத்தவர் வாங்கிய கடனுக்கு இன்று என்ன கணக்கு? நகை உருக்கப்பட்டிருந்தால் எந்த வருடத்துப் பவுண் விலை? கடன் கொடுத்த நிறுவனமே இல்லாதபோது மீட்கும் காசை யாரிடம் கட்டுவது?

இனி வருவது கொஞ்சம் கசப்பான பகுதி. ஒழுங்குவிதி என்றாலே எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது முடக்கம்தான். 2006 இன் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தோடு, அதே வருடம் நிதிப் புலனாய்வுப் பிரிவு வந்தது. அதே 2006 இல் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை மத்திய வங்கி முடக்கியது. 2007 நவம்பரில் அமெரிக்கத் திறைசேரி அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. புலிகளுக்குப் போன காசு என்பது அரசுகளின் வாதம். சுனாமி நிவாரணத்துக்கு என்று வெளிநாட்டில் காசு போட்டவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. 'வாடிக்கையாளரை அறி' என்ற விதி வன்னிக்கு வந்த பாதை இது. அதனால் 'யாராலும் முடக்க முடியாத காசு' என்ற கிரிப்டோவின் விளம்பரம் எங்கட தலைமுறையிடம் எடுபடுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த விளம்பரம் முக்கால்வாசி பொய். 2019 ஜூனில் நிதி நடவடிக்கைச் செயலணி தன் விதிகளைக் கிரிப்டோ தளங்களுக்கும் நீட்டியது. 1,000 டொலருக்கு மேல் அனுப்பினால் அனுப்புபவர், பெறுபவர் விபரமும் சேர்ந்து போக வேணும். இலங்கையில் 2021 இல் இருந்து கடன் அட்டையால் கிரிப்டோ வாங்க முடியாது. மிச்சமிருக்கும் வழி, முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு, அவர் நாணயத்தை அனுப்பும்வரை காத்திருப்பது. இதுக்கு எங்கட ஊரில் பெயர் இருக்கு: உண்டியல். உண்டியல்காரரையாவது ஊருக்குத் தெரியும். அப்பில் வருகிறவரின் காசில் களவுக் காசு கலந்திருந்தால், முடக்கப்படுவது உங்கட கணக்காகவும் இருக்கலாம்.

மத்திய வங்கி 2018 இல் இருந்து திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கிறது, எந்தக் கிரிப்டோ முதலீட்டுத் திட்டத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று. இருந்தும் கிரிப்டோ என்று சொல்லி நடந்த ஸ்போர்ட்ஸ் செயின் திட்டத்தில் தெற்கில் எத்தனையோ குடும்பங்கள் காசை விட்டன. வங்கிச் சட்டத்தின் 83 சி பிரிவின் கீழ் பிரமிட் திட்டம் என்று அது தடைப்பட்டியலில் ஏறியபோது காசு போய்விட்டது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒருவர் வந்து 'கிரிப்டோ ஃபண்ட்' என்று காசு கேட்டால், அதுக்குப் பின்னால் நம்பிக்கைப் பொறுப்பாளர் யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2025 இல், கிரிப்டோ சேவை நிறுவனங்களைப் பதிவுசெய்யும் சட்டமொன்று தயாராகிறது என்று மத்திய வங்கி சொன்னது. பணச் சலவை பற்றிய சர்வதேச மதிப்பீடு அப்போது நெருங்கிக்கொண்டிருந்ததுதான் அவசரத்துக்குக் காரணம். அந்த அவசரத்தில் எழுதப்படும் சட்டம் காசு எங்கிருந்து வந்தது என்பதை விரிவாகக் கேட்கும். தளம் முறிந்தால் பொருள் யாரிடம் திரும்பும், வாடிக்கையாளரின் நாணயம் நிறுவனத்தின் நாணயத்தோடு கலக்காமல் எங்கே வைக்கப்படும், உரிமைப் பேரேட்டின் இரண்டாவது பிரதி யாரிடம் இருக்கும் என்பதையும் அது கேட்குமா என்று பார்க்க வேணும். வரைவு வெளிவரும்போது நாங்கள் முதலில் தேடப்போவது அந்தப் பிரிவுகளைத்தான்.