தமிழ் 99

தமிழ் 99 என்பது கணினியில் தமிழை உள்ளிடுவதற்காகத் தமிழ்நாடு அரசு 1999 ஆம் ஆண்டு ஏற்பளித்த விசைப்பலகை அமைப்பு ஆகும். அவ்வாண்டு பெப்ரவரி மாதம் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் பரிந்துரைகளை அடுத்து இது நடைமுறைக்கு வந்தது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளைக் கொண்டே தமிழின் 247 எழுத்துகளையும் இதில் உள்ளிட இயலும்.

பின்னணி

தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவராக யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா அறியப்படுகின்றார். தட்டச்சுப்பொறியில் எழுத்தின் வரிவடிவமே விசையில் இருக்கும். 'கொ' என்று அடிக்க ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளைத் தாளில் தோன்றும் வரிசையிலேயே அடிக்க வேண்டும். கணினி வந்தபின் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு விசைப்பலகையைக் கொண்டிருந்தது. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் மீண்டும் பழக வேண்டியதாயிற்று. இந்நிலையைப் போக்கவே பொது அமைப்பு ஒன்று வகுக்கப்பட்டது. தமிழ் 99 இல் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் உள்ளிடப்படுகின்றன. 'கொ' என்பதற்கு க, ஒ ஆகிய இரு விசைகள் போதும்.

விசைகளின் அமைவு

உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஆங்கில விசைப்பலகையின் வரிசைப்படி எழுத்துகள் பின்வருமாறு:

மேல் வரிசை: ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, ள, ற, ன, ட, ண, ச, ஞ
நடு வரிசை: அ, இ, உ, ஃ, எ, க, ப, ம, த, ந, ய
கீழ் வரிசை: ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, ழ (ழகரம் சாய்கோட்டு விசையில் உள்ளது)

அ, இ, உ, எ ஆகிய குறில்களுக்கு நேர் மேலே அவற்றின் நெடில்கள் உள்ளன. மிகுதியாகப் பயன்படும் எழுத்துகள் விரல்கள் தங்கும் நடு வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. ஸ, ஷ, ஜ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளை ஷிப்ட் விசையுடன் மேல் வரிசை விசைகளை அழுத்திப் பெறலாம்.

உள்ளிடும் விதிகள்

1. மெய் விசையை மட்டும் அழுத்தினால் அகரமேறிய எழுத்து கிடைக்கும்.
2. மெய்யை அடுத்து உயிரை அழுத்தினால் உயிர்மெய் கிடைக்கும். க, இ = கி.
3. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். க, க = க்க.
4. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியன இவ்வாறு அமையும்.
5. பிற இடங்களில் புள்ளி இட, மெய்யை அடுத்து ஆய்த விசையை அழுத்த வேண்டும்.
6. தானியங்கிப் புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகர விசையை அழுத்த வேண்டும்.

ஆறாவது விதியை அறியாமையால் புதிய பயனர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். 'நதி' என்பதற்கு ந, த, இ என அழுத்தினால் 'ந்தி' என்றே வரும். ந, அ, த, இ என அழுத்துவதே சரி. 'பப்பாளி' என்பதற்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ என அழுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டு

திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள தொப்பம்பட்டியின் பெயர் இவ்விதிகளை விளக்க ஏற்றது. த, ஒ, ப, ப, ம, ப, ட, ட, இ என 9 விசைகளில் 'தொப்பம்பட்டி' முடிந்துவிடும். ஆங்கில விசைகளின் பெயரால் கூறின் அவை எல், சி, ஜே, ஜே, கே, ஜே, ஓ, ஓ, எஸ் ஆகும். பெயரிலுள்ள மூன்று புள்ளிகளில் ஒன்றைக்கூடப் பயனர் தாமே இட வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிபெயர்த்து உள்ளிடும் அஞ்சல் முறையில் இதே சொல்லுக்கு 12 விசைகள் தேவைப்படும்.

நிறுவுதலும் பழகுதலும்

விண்டோசு 11 இல் அமைப்புகள் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளுள் தமிழ் 99 ஐத் தேர்ந்தெடுக்கலாம். மொழியைச் சேர்த்தவுடன் வேறொரு தமிழ் விசைப்பலகை வந்திருக்கக்கூடும். ஆதலின் பெயரைச் சரிபார்த்தல் வேண்டும். விண்டோசு விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மொழிகளுக்கிடையே மாறலாம். ஆப்பிள் கணினிகளிலும், 2013 இல் வெளியான ஐஓஎஸ் 7 முதல் ஐபோனிலும் இவ்வமைப்பு உள்ளிணைந்தே கிடைக்கின்றது. விண்டோசின் பழைய பதிப்புகளில் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் இதற்குப் பயன்பட்டன.

பழகுவோர் நடு வரிசையில் மட்டும் அமையும் சொற்களில் தொடங்குதல் நன்று. தம்பி, பந்து, கம்பு, அம்மி ஆகியன ஒவ்வொன்றும் 4 விசைகளில் அமைவன.

ஒத்த தோற்றமுடைய எழுத்துகள்

திரையில் ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள் கணினிக்கு வேறு வேறானவை. 'ஔவையார்' என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவையார்' என உள்ளிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆயின் தேடுபொறியும் அகரவரிசையும் அதனை வேறு சொல்லாகவே கொள்ளும். கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தை இடுவதும் இத்தகைய பிழையே. விண்ணப்பங்களிலும் பட்டியல்களிலும் ஒருவரின் பெயர் இவ்வாறு பதிவானால், பின்னர் அதனைத் தேடிக் காண இயலாமல் போகும். தமிழ் 99 இல் ஔகாரத்திற்குத் தனி விசை உண்டு. நெடில் உயிர்விசையை அழுத்தினால் கால் தானே அமையும்.

பழைய கோப்புகள்

விசைப்பலகை என்பது எழுத்தை உள்ளிடும் முறை. குறிமுறை என்பது அதனைச் சேமிக்கும் முறை. இரண்டும் வேறு. 1999 இல் டாம், டாப் என்னும் குறிமுறைகள் ஏற்கப்பட்டன. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 ஐயும் தரமாக அறிவித்தது. ஒருங்குறிக்கு முற்பட்ட கோப்புகள் உரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். பாமினி எழுத்துருவில் அமைந்த 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே தெரியும். இத்தகைய கோப்பு அழியவில்லை. எழுத்துருவின் பெயரை அறிந்து, பொங்குதமிழ் போன்ற மாற்றியின் துணையுடன் ஒருங்குறிக்கு மாற்றலாம். இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள் மாற்றத்தில் சிதையக்கூடும் என்பதால் மூலப்படியை நீக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தோன்றினால் எழுத்துரு மட்டுமே இல்லை எனக் கொள்ளலாம். உரை பாதுகாப்பாகவே உள்ளது. தமிழுக்கு இடமில்லாத குறிமுறையில் சேமித்ததால் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறியிருப்பின், அக்கோப்பிலிருந்து உரையை மீட்க இயலாது. எனவே உரைக்கோப்புகளைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 குறிமுறையைத் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாததாகும்.