ஷெர்ப்பா

ஒரகடத்தில் 2013-ல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை உற்பத்தியைத் துவக்கியபோது, அதற்குச் சில மைல் தள்ளி, எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அதே வம்சத்துக் கிழம் ஒன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. என் தகப்பனாரின் என்ஃபீல்டு ஷெர்ப்பா.

என்ஃபீல்டு என்றால் எல்லோருக்கும் புல்லட்தான் ஞாபகம். 1955-ல் சென்னையில் புல்லட்டைக் கோக்கத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, அறுபதுகளில் திருவொற்றியூரில் ஷெர்ப்பாவையும் செய்தது. வில்லியர்ஸ் வழிவந்த 173 சி.சி. டூ-ஸ்ட்ரோக் என்ஜின். பிஸ்டன் ஒரு தரம் மேலே, ஒரு தரம் கீழே. அதற்குள் ஒரு வெடிப்பு முடிந்துவிடும். வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களே வாசற்கதவுகள். எண்ணெய்க்கென்று அடியில் தனித் தேக்கமும் இல்லை; பெட்ரோலிலேயே கலந்து ஊற்றவேண்டும். அதுவும் கூடவே எரிவதால்தான் அந்த நீலப் புகை. பிற்பாடு புகைக் கட்டுப்பாடு வந்ததும் இந்த இனமே சந்தையை விட்டுப் போயிற்று.

பன்னிரண்டு வயதில், என் சமர்த்தைக் காட்ட, டாங்கியில் வெறும் பெட்ரோலை ஊற்றிவைத்தேன். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அப்பாவுக்கு முழங்கை முறிந்தது. "எண்ணெய் கலக்க மறந்துவிட்டேன்" என்று கடைசிவரை தம்மையே நொந்துகொண்டார். நான் வாய் திறக்கவில்லை.

போன வருஷம் சிலிண்டரைக் கழற்றினேன். சுவரில் நான்கு ஆழமான கீறல்கள். காஞ்சிபுரத்தில் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டார்கள். கீறல்கள் போயின. ஏழாவது உதையில் என்ஜின் பிடித்துக்கொண்டது, தாழ்வாரமெல்லாம் புகை.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இந்தத் தடவையாவது எண்ணெய் கலந்தியாடா?" என்றாள்.