ஜப்பானியரின் மருந்துக் குறிப்பேடு

ஒரு நோயாளி இரண்டு மருத்துவர்களிடம் செல்கிறார். ஒருவர் கொடுத்த மருந்து இன்னதென்று மற்றவருக்குத் தெரியாது. இதனால் விளையக்கூடிய தீங்கை ஜப்பான் நாடு 1993-ஆம் ஆண்டில் மிகக் கொடிய முறையில் அறிந்துகொண்டது.

அந்நாட்டில் நெடுங்காலமாக நோயைப் பார்ப்பவரே மருந்தும் வழங்கி வந்தார். எழுதிக் கொடுப்பவர் வேறு, வழங்குபவர் வேறு என்று பிரிக்கும் சட்டம் 1951-இல் இயற்றப்பெற்று 1956-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் விலக்குகள் பல இருந்தமையால் பழைய வழக்கமே நிலைத்து நின்றது.

1993 செப்டம்பரில் சொரிவுடின் என்னும் புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. அஃது அக்கி நோய்க்கு உரியது. ஆனால், புளோரோயுராசில் வகைப் புற்றுநோய் மருந்துகளை உட்கொண்டு வந்தவர்களுக்கு அது நஞ்சாயிற்று. காரணத்தைச் சற்று விளக்குகிறேன். புளோரோயுராசிலை நம் உடல் ஒரு நொதியின் துணையால் சிதைத்துவிடுகிறது. சொரிவுடின் குடலில் மாறுதலடைந்து உண்டாக்கும் ஒரு பொருள் அந்நொதியை முடக்கிவிடுகிறது. சிதையாத மருந்து இரத்தத்தில் பெருகி எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. இரத்த அணுக்கள் அருகிப் போகின்றன. மருந்து வெளிவந்த சிறிது காலத்திற்குள் 15 பேர் மாண்டனர்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தல் ஆகாது என்று மருந்துடன் வந்த குறிப்புத்தாளிலேயே கண்டிருந்தது. அப்படியிருந்தும் நேர்ந்தது ஏன்? அக்காலத்து ஜப்பானில் புற்றுநோய் என்ற செய்தியை நோயாளியிடம் மறைப்பது பெருவழக்கு. அதனைக் கருணை என்றே கருதினர். தாம் உட்கொள்வது எதற்கான மருந்து என்றே அறியாதவர், அக்கிக்கு மருந்து கொடுக்கும் மருத்துவர் வினவினால்தான் என்ன சொல்லுவார்? மருந்தின்மீது மட்டும் பழி சுமத்துவோர் இதனைக் காணத் தவறுகின்றனர் என்பது என் கருத்து.

இதன் பின்னர் நாடெங்கும் பரவியதே 'ஒகுசுரி தெச்சோ' எனப்படும் மருந்துக் குறிப்பேடு. கையடக்கமான சிற்றேடுதான். மருந்து வாங்குந்தோறும் அதன் பெயரும் அளவும் நாளும் அதில் பதிவாகும். 2000-இல் இப்பணிக்கு மருந்தகத்தாருக்குரிய கட்டணம் காப்பீட்டுத் திட்டத்திலேயே வகுக்கப்பட்டது. பல் பிடுங்கச் செல்பவர் அதனைப் பல் மருத்துவரிடம் நீட்டுகிறார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் அதில் கண்டிருந்தால், அவர் குறட்டை எடுக்குமுன் சற்று நிற்பார் அல்லவா?

2011 மார்ச்சில் ஆழிப்பேரலை மருத்துவமனை ஏடுகளை வாரிக்கொண்டு போனபோது, குறிப்பேட்டைக் கையோடு கொண்டு தப்பியவர்களுக்கு வழக்கமான மருந்தை அறிந்து கொடுப்பது எளிதாயிற்று. 2023 ஜனவரியில் மின்னணு மருந்துச் சீட்டு முறையும் அங்கே தொடங்கிற்று. மருத்துவரும் மருந்தகத்தாரும் ஒரே பதிவைக் காணவும், ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகளைக் கணினியே சுட்டிக்காட்டவும் அதில் வழி செய்திருக்கிறார்கள்.