நைச்சியம்

“நகைக்கு மெருகு போட்டுத் தருவதாக நைச்சியமாகப் பேசி...” என்று நாளிதழில் ஒரு செய்தி தொடங்கினால், மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம், சங்கிலி போய்விட்டது. கத்தியைக் காட்டிப் பறித்தவனுக்கு இந்தச் சொல் கிடைக்காது. “அக்கா, எங்க அம்மா மாதிரி இருக்கீங்க, ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்று வாசற்படியில் குழைந்து நிற்பவனுக்குத்தான் அது.

அந்தக் குழைவில்தான் சொல்லின் வேர் இருக்கிறது. வடமொழியில் ‘நீச’ என்றால் தாழ்ந்த. அதிலிருந்து பிறந்தது ‘நைச்ய’, அதாவது தாழ்மை. வைணவத்தில் இது உயர்ந்த குணம். இறைவன் முன் தன் சிறுமையை எண்ணி உருகுவதை ‘நைச்சியானுசந்தானம்’ என்பார்கள். வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் ஸ்தோத்திர ரத்தினத்தில் இதை நிறையக் காணலாம். தொண்டரடிப்பொடி என்று அடியார்களின் கால்தூசியையே பெயராகக் கொண்டார் ஓர் ஆழ்வார். ‘நான்’ என்னாமல் ‘அடியேன்’ என்பதும், தன் வீட்டைக் ‘குடிசை’ என்றும் ஆசாரியர் வீட்டைத் ‘திருமாளிகை’ என்றும் சொல்வதும் அந்த மரபுதான்.

தாழ்ந்து பேசினால் காரியம் நடக்கும் என்று கண்டுகொண்டவர்கள் சொல்லைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அது முழுக்கக் கெட்டுவிடவில்லை. அடம்பிடிக்கிற குழந்தைக்கு நைச்சியம் பண்ணிச் சோறு ஊட்டுகிற பாட்டியை யாரும் மோசடிக்காரி என்பதில்லை. ‘நயவஞ்சகம்’ அப்படியல்ல, வஞ்சகத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. அதில் வரும் ‘நயம்’ வேறு சொல். ஒலி ஒற்றுமையால் இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிடக் கூடாது.