பன்றி ஒரு மாதம், மனிதன்?

விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்காரர் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ‘மருந்து தடவின ஸ்டென்ட் சார், மூணு மாசமாச்சு. நல்லாத்தானே இருக்கேன், மாத்திரையை நிறுத்திட்டேன்’ என்றார். அவருக்குச் சொன்ன கதை உங்களுக்கும்.

1986-ல் மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்தே ஒரு தலைவலி. உலோக வலை உரசிய இடத்தில் ரத்தக்குழாய் சதை வளர்த்து, மறுபடி அடைத்துக்கொள்ளும். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த பாக்டீரியாவிலிருந்து சுரேந்திர நாத் சேகல் குழுவினர் பிரித்தெடுத்த சிரோலிமஸ் (எங்கிருந்து எங்கே பாருங்கள்!) அந்த வளர்ச்சியைத் தடுத்தது. அதை வலைமேல் பூசி, நம்முடையதைப் போன்ற இதயக்குழாய் கொண்ட பன்றிகளில் வைத்தார்கள். ஒரு மாதத்தில் சதை நன்றாகக் குறைந்திருந்தது. 1999 டிசம்பரில், பிரேசிலின் சாவோ பாலோவில் மனிதருக்கும் வைத்தாயிற்று.

2004-ல் வெளியான பன்றி ஆய்வு ஒன்று 90, 180 நாள் வரை காத்திருந்து பார்த்தது. வெறும் வலைக்கும் பூசிய வலைக்கும் வித்தியாசமே இல்லை! மனிதரிடமோ பலன் நீடித்தது. பன்றிக்குக் காயம் சீக்கிரம் ஆறும், நமக்கு மாதக்கணக்கில். மருந்து அதை இன்னும் தள்ளிப்போடும். உள்தோல் மூடாத கம்பியில் ரத்தம் உறையலாம். 2006-ல் இதய டாக்டர்களை உலுக்கியது இந்தப் பயம்தான். மாத்திரை அதற்குத்தான்.

திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தவர், முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.