மனிதரைப் போன்ற கண்கள், நீல நிறப் பின்புறம்: லெசுலா குரங்கைத் தெரியுமா?

அறிவியலுக்குத் தெரியாத குரங்கு இனிமேலா இருக்கப்போகிறது என்று நினைக்கிறீர்களா? 2007 வரை லெசுலா அப்படித்தான் இருந்தது.

எங்கே கண்டுபிடித்தார்கள்?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் ஒபாலா ஊரில். அங்கே ஒரு தொடக்கப்பள்ளித் தலைவரின் வீட்டில் குட்டி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஆய்வாளர்கள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள். ஆனால் உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு அது புதிதல்ல. 'லெசுலா' என்பதே அவர்கள் வைத்த பெயர்தான்! மரபணுச் சோதனைகளுக்குப் பிறகு 2012இல் அது தனி இனமாக அறிவிக்கப்பட்டது.

எப்படி அடையாளம் காண்பது?

- கண்கள்: பெரியவை, பழுப்பு நிறம். மனிதர் பார்ப்பது போலவே இருக்கும்.
- முகம்: முடி குறைவு. சுற்றிலும் வெளிர் பொன்னிறத்தில் நீண்ட முடி.
- மூக்கு: நடுவே வெளிர் நிறக் கோடு.
- பின்புறம்: வளர்ந்த ஆணுக்குப் பளிச்சென்ற நீலம்.
- எடை: ஆண் 4 முதல் 7 கிலோகிராம். பெண் அதைவிடச் சிறியது.

நீல நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்! அதன் நெருங்கிய உறவான ஆந்தைமுகக் குரங்குக்கும் அது உண்டு. ஆனால் ஆந்தைமுகக் குரங்கின் முகம் கறுப்பு. மூக்கில் இருப்பது தெளிவான வெள்ளைக் கோடு. இரண்டும் வாழும் காடுகளுக்கு இடையே பெரிய ஆறுகள் ஓடுகின்றன. அவற்றைத் தாண்ட முடியாமல் பிரிந்த கூட்டங்கள் காலப்போக்கில் தனித்தனி இனங்களாயின.

பழக்கங்கள் என்ன?

குரங்கு என்றால் மரத்துக்கு மரம் தாவும் என்றுதானே நினைப்போம்? லெசுலா பெரும்பாலும் தரையில்தான் நடமாடும். சிறு குழுவாக வாழும். பழங்களையும் தரையில் வளரும் செடிகளையும் சாப்பிடும். கூச்ச சுபாவம் அதிகம். அதனால் கண்ணில் படுவதே அரிது. ஆனால் விடியற்காலையில் ஆண் குரங்கு ஆழ்ந்த குரலில் எழுப்பும் முழக்கம் காடெங்கும் கேட்கும்.

ஏன் கவலை?

இறைச்சிக்காக நடக்கும் வேட்டைதான் மிகப் பெரிய மிரட்டல். தரையில் நடமாடும் விலங்கு வேட்டைக்காரர்கள் வைக்கும் கண்ணிகளில் எளிதில் சிக்கிக்கொள்ளும். லெசுலா வாழும் பகுதியும் சிறியது: லோமாமி ஆற்றுக்கு மேற்கே சுமார் 17,000 சதுர கிலோமீட்டர். உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை.

2016இல் லோமாமி தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பரப்பளவில் அது சிங்கப்பூரைப் போல் சுமார் 12 மடங்கு. ஆனால் லெசுலா வாழும் காடு முழுவதும் பூங்காவுக்குள் அடங்கவில்லை. எல்லைக்கு வெளியே இருக்கும் குரங்குகளைக் காப்பாற்றுவது சுற்றியுள்ள கிராமத்தினர் கையில்தான் இருக்கிறது. உலகம் அறியும் முன்பே லெசுலாவை அறிந்திருந்தவர்களும் அவர்கள்தானே!