முந்நூற்றைந்து: இடமதிப்பின் ஒரு முன்கதை

முந்நூற்றைந்து என்று சொல்லி எழுதச் சொன்னால், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளில் சிலர் 3005 என்று எழுதுவர். முந்நூறுக்கு 300, அதையடுத்து ஐந்துக்கு 5. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதப்பட்ட எண் அது. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிடுவது எளிது. ஆனால் அப்பிழைக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

பழைய தமிழ் எண்முறையில் முந்நூற்றைந்து ௩௱௫ என எழுதப்பட்டது. ௩ மூன்று, ௱ நூறு, ௫ ஐந்து. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து ௨௲௩௱௪௰௫. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தமையால் சுழியம் தேவைப்படவில்லை. பத்துகள் இல்லையெனில் ௰ என்ற குறியை விட்டுவிட்டால் போதும். சொல்வது போலவே எழுதினார்கள். 3005 என்று எழுதும் குழந்தை, தானறியாமலே இந்த முறையின் தருக்கத்தைப் பின்பற்றுகிறது.

இடமதிப்பு முறையோ குழுவின் பெயரை அழித்துவிட்டு, அதன் இருக்கையை மட்டும் வைத்துக்கொள்கிறது. குவாலியர் சதுர்புஜர் கோயில் கல்வெட்டில் (பொ.ஆ. 876) 270 என்ற எண் சுழியத்துடன் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழிலோ 1825இல் வெளிவந்த ‘கணித தீபிகை’ சுழியத்தின் பயன்பாட்டை எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அறிந்தோர் உலகமே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட ஒன்றை, ஏழு வயதுக் குழந்தை ஒரு வாரத்தில் கற்கவேண்டும் என எதிர்பார்க்கிறோம்.

மொழியும் சற்றுக் குழப்பவே செய்கிறது. தொண்ணூறில் ‘நூறு’ ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியமே தனி விதி வகுத்தது. அந்த விதியைக் குழந்தை அறியாது; கேட்டதை எழுதும்.

திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் மனனம் செய்யப்பட்டன. அது வெறும் ஒப்பித்தல் அன்று. நினைவே அங்குக் கற்றலின் வழி என்று காட்டுகின்றன செந்தில் பாபுவின் ஆய்வுகள். நெல்லிலக்கத்தில் எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மூன்று கலம் ஐந்து நாழி என்றால் எத்தனை நாழி? கலத்துக்கு 96 நாழி. மூன்று கலத்துக்கு 288. ஐந்தைச் சேர்த்தால் 293. இடையில் மரக்கால் இல்லை என்பதைக் குறிக்கத் தனி அடையாளம் வேண்டியதில்லை. கலமும் நாழியும் பெயர் சொல்லியே நிற்கின்றன. களத்தில் அளக்கப்படும் நெல்லைக் கண்ட பிள்ளைக்குக் குழு என்பது கண்முன் நிற்கும் பொருள்.

அந்த உலகத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. திண்ணையின் கதவு பெருவாரியான சாதியினருக்கும் பெண்களுக்கும் மூடியே இருந்தது. குழுவின் அளவு எட்டு, பன்னிரண்டு என மாறிக்கொண்டே இருந்ததும் சுமைதான். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1இல் விடைபெற்று, ரூபாய் நூறு நயா பைசாவானபோது அச்சுமை பெருமளவு குறைந்தது. எல்லாக் குழுவும் பத்தின் மடங்கு என்பது பெரும் எளிமை. ஆனால் அளவைகளோடு சேர்ந்து, குழுவைக் கையால் தொட்டறியும் அனுபவமும் வகுப்பறையை விட்டு நழுவியது.

அந்த அனுபவத்தை மீட்கும் வழிகள் இல்லாமலில்லை. 1939இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியின் முறையில் தனிமணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிகளின் சதுரம், ஆயிரம் மணிகளின் கனசதுரம் என்று குழு கையில் கனக்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் கைப்பொருள்களை நம்பியது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 305 புளியங்கொட்டைகளைக் குழந்தைகள் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். பத்துக் குவியல்களை ஒரு பையில் இடட்டும். மூன்று பைகள், தனிக் குவியல் ஏதுமில்லை, ஐந்து கொட்டைகள். முதலில் அதை ௩௱௫ என எழுதட்டும். பிறகு ௱ குறியை நீக்கிவிட்டு, குவியல் இல்லாத இடத்தில் என்ன வைப்பது என்று கேட்கலாம். சுழியம் அப்போது ஆசிரியர் இட்ட கட்டளையாக இராது. குழந்தைக்கே தேவைப்பட்ட ஒன்றாக வந்து அமரும்.